போர் ஓய்ந்த பிறகு – 9: சிரட்டைக் கஞ்சி

மதுரை அருகே கப்பலூர் டோல்கேட்டில் எந்நேரமும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்தால் பைக்குகளும் அதில் சேர்ந்துகொள்ளும். இந்த இரைச்சலுக்குப் பக்கத்தில்தான் உச்சப்பட்டி இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை, தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் மண்டபம் முகாமிலிருந்து தமிழகமெங்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர். இவர்களுக்கு மே 18 சாதாரண நாள் அல்ல. 2009-ல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த நாள் அது.

அந்த நாளுக்கென்று ஒரு கஞ்சி உண்டு. அரிசி, நிறையத் தண்ணீர், கொஞ்சம் உப்பு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒரு துண்டு மணல்வெளியில் லட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தபோது, பதுங்குகுழிகளில் உயிரைப் பிடித்து வைத்தது அதுதான். இன்றும் அதைச் சிரட்டையில் ஊற்றித் தருகிறார்கள். மதுரைப் பக்கம் நாம் கொட்டாங்கச்சி என்போமே, அதுதான். ருசிக்காகக் குடிப்பதல்ல; ருசியில்லாததை மறக்காமல் இருக்கக் குடிப்பது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை.

கல்லில் எழுப்பிய நினைவுக்கு என்ன ஆனது தெரியுமா? 2021 ஜனவரி 8-ம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்துத் தள்ளினார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகே மறுபடி கட்ட வழி பிறந்தது. தூபியை இடிக்க ஓர் இரவு போதும். ஒரு பிடி அரிசியும் அடுப்பும் உள்ள வீட்டில் கஞ்சியை எதை வைத்து இடிப்பது?

அடுத்த ஆண்டே கொழும்பில் யாரும் எதிர்பாராத காட்சி ஒன்று நடந்தது. டீசலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற நேரம். மே 9-ல் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். ஒன்பதே நாளில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. சிங்களவர்களும் பௌத்த பிக்குகளும் நின்று விளக்கேற்றினார்கள். அதே கஞ்சியைக் குடித்தார்கள். ஜூலையில், 2009-ல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்ச, ஜனாதிபதி நாற்காலியை விட்டு நாட்டைவிட்டே ஓடினார்.

பசி ஒரு கதவைத் திறந்தது. ஆனால் வரிசைகள் கலைந்ததும் அரசு பழையபடிதான் நடந்தது. 2024 மே மாதம், திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் காய்ச்சி வழங்கியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைப் போலீசார் கைது செய்தார்கள். கஞ்சிப் பானைக்கு ஓர் அரசு பயப்படுகிறது என்றால், அந்தப் பானைக்குள் இருப்பது வெறும் அரிசி இல்லை என்று அதற்கே தெரிந்திருக்கிறது.

கொழும்பைக் குறை சொல்வது நமக்குச் சுலபம். இங்கே? 2021-ல் 'அகதிகள் முகாம்', 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னதே தவிர, இலங்கையைச் சொல்லவில்லை. செத்தவர்களுக்கு விளக்கேற்றுகிற நாம், தப்பி வந்தவர்களுக்கு என்ன செய்தோம் என்பதையும் மே 18 அன்று கேட்டுக்கொள்ள வேண்டும். முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே படித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லை.

(தொடரும்)