அப்பாவைக் காணோம்... ஒரு நிமிஷம்!

பீரோவுக்குள் பத்திரமாக வைத்த வெள்ளிக் கொலுசு ஏன் கறுத்துப்போகிறது? காற்றில் இருக்கும் கந்தகத்தின் கைவரிசை அது. பழைய கறுப்பு-வெள்ளை போட்டோக்களுக்கும் அதே கந்தகம்தான் எமன். படத்தில் கறுப்பாகத் தெரிவது மை இல்லை சார், பொடிப்பொடியான வெள்ளி!

1998-ல் மாத்தூரில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அப்பா-அம்மா கல்யாண போட்டோ ஓரமெல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள், காற்றைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் அந்த ஒரே படம்தான்.

அம்மா அதை ஸ்டூடியோ பெரியவரிடம் எடுத்துப்போனாள். "செப்பியா டோனிங் பண்ணினா கெடாதாமே, பண்ணிக் குடுங்கண்ணே."

பெரியவர் தலையாட்டவில்லை. "அசல்ல கை வைக்கமாட்டேம்மா. பிரிண்ட் போட்டப்ப சரியாக் கழுவலேன்னா பேப்பர்ல ஹைப்போ தங்கியிருக்கும். நான் ஊத்துற ப்ளீச்சும் அதுவும் சேர்ந்தா வெள்ளியே கரைஞ்சுடும். அப்புறம் ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காப்பி எடுத்து அதுல பண்றேன்."

காப்பி தயாரானது. ஒரு மணி நேரம் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார். டோனிங்குக்கு இருட்டறை தேவையில்லை என்பதால் மொட்டை மாடிக்குப் போனோம்.

முதல் டிரேயில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த மஞ்சள் தண்ணீர். படத்தைப் போட்டதும் அப்பாவின் மீசை மங்கியது, முகம் மங்கியது, வெறும் மஞ்சள் நிழல்தான் மிச்சம்.

"ஐயோ, அவரைக் காணோமே!" என்று அம்மா அலறிவிட்டாள்.

"பொறும்மா, வருவாரு."

அலசி, இரண்டாவது டிரேயில் போட்டார். அதில் சோடியம் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம்! எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எந்த கம்பெனிப்பா?" என்றார். (அந்த வாயு நச்சு, மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது.)

சில விநாடிகளில் அப்பா பழுப்பு நிறத்தில் ஜம்மென்று திரும்பி வந்தார்!

விஷயம் இதுதான். முதல் டிரேயில் வெள்ளி, வெள்ளி புரோமைடாகிறது. இரண்டாவதில் வெள்ளி சல்ஃபைடாகிறது. கந்தகம் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்ததை மறுபடி சாப்பிட முடியுமா? எதிரியையே கவசமாகப் போட்டுக்கொள்கிற தந்திரம்! காசுள்ளவர்கள் தங்கத்திலும் டோனிங் செய்தார்கள். பிரான்சின் ஃபிஸோ 1840-லேயே அதற்கு வழி காட்டிவிட்டார்.

1960-ல் ஊட்டியில் தொடங்கி, கறுப்பு-வெள்ளை பேப்பர் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இன்று இல்லை. அந்த ஸ்டூடியோவும் இல்லை. அசல் படத்தில் அப்பாவின் மீசையைத் தேடவேண்டியிருக்கிறது. காப்பியிலோ ஒரு முடிகூடக் குறையவில்லை!

உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு படம்தான் இருக்கிறதா? முதலில் காப்பி எடுங்கள். அப்புறம் மற்ற வித்தையெல்லாம்.

அம்மா இப்போதும் சொல்வாள்: "கொலுசைத்தான் அடிக்கடி தேய்க்கவேண்டியிருக்கு. உங்கப்பா அப்படியே இருக்காருடா!"