தேநீர் கொடுத்தவர்கள்

துயருற்றவருக்கு ஆறுதல் சொல்லப் பட்டம் பெற்றவர்கள்தாம் வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன், நேயர்களே. அதை மாற்றியது இலண்டன் பாதிரியார் சாட் வராவின் கதை. 1953இல், தற்கொலை எண்ணத்தோடு தவிப்போருக்காகத் தம் தேவாலயத்தில் தொலைபேசியருகே அமர்ந்தார் அவர். நேரிலும் பலர் வந்தனர். காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுக்கச் சாதாரணத் தொண்டர்கள் சேர்ந்தனர். அவர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களிற் பலர், பாதிரியாரைக் காணாமலே தெளிந்து திரும்பினர்! 1954இல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ஆளைத் தெரிவதையும் மேற்பார்வையையும் மட்டும் தாம் வைத்துக்கொண்டார். கேட்டது வெளியே போகக்கூடாது, உபதேசம் கூடாது. பின்னையது எம்மவருக்கு எவ்வளவு கடினம்!

இலங்கையில் 1974இல் தொடங்கிய 'சுமித்ரயோ' தொண்டர்களும் அவ்வாறே செவிசாய்க்கிறார்கள். அவர்களிடம் பேசுபவர் தம் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை.