பர்ன்ஸின் கரடிப் பொம்மை

ஒரே மாந்தர் குழுவையும் ஒரே களத்தையும் கொண்டு, வாரம் ஒரு சிக்கலிலிருந்து சிரிப்பை விளைவிக்கும் தொலைக்காட்சித் தொடர் ‘சூழல் நகைச்சுவை’ எனப்படுகிறது. 1989 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகிவரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் அசைபடத் தொடர், வேறொரு படைப்பைப் பெயர் சொல்லாமலேயே நினைவூட்டும் மறைமுகச் சுட்டலை இவ்வகையில் தனிக்கலையாகவே வளர்த்தெடுத்தது எனலாம். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ (1941) திரைப்படத்தில், பெருஞ்செல்வரான கேன் சாகும் தறுவாயில் முணுமுணுக்கும் ‘ரோஸ்பட்’ என்பது, அவர் சிறுவயதில் விட்டுப் பிரிந்த பனிச்சறுக்கு வண்டியின் பெயர் என்பது இறுதியில்தான் வெளிப்படும். 1993-இல் ஒளிபரப்பான சிம்ப்சன்ஸ் அத்தியாயம் ஒன்று, அச்சொல்லையே தலைப்பாகச் சூட்டிக்கொண்டு, அணுமின் நிலைய முதலாளியான கிழவர் பர்ன்ஸை உறக்கத்தில் ‘போபோ’ என்று புலம்பவிடுகிறது. அவர் தேடும் அந்தப் பழைய கரடிப் பொம்மையோ, அவரிடம் வேலை பார்க்கும் ஹோமரின் கைக்குழந்தை மேகியின் பிடியில் இருக்கிறது. மூலப் படத்தை அறியாதவரும், கோடீஸ்வரர் ஒரு குழந்தையிடம் தோற்பதைக் கண்டு சிரித்துவிடலாம். அறிந்தவருக்கோ, கேன் இறந்தபின் உலைத் தீக்கு இரையாகும் இளமைப் பொருள், இங்கே உயிரோடிருக்கும் கிழவரின் கைக்கே திரும்பி வருவது, கேலியாக மட்டுமன்றிச் சற்றே கனிவாகவும் தோன்றும்.