தளர்நடைப் பிள்ளையின் கவனத்தை எப்படி அளக்கிறார்கள்?

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். அம்மா இருட்டோடு அளத்துக்குக் கிளம்பினால், நடை பழகும் பிள்ளை பாட்டியிடமோ அங்கன்வாடியிலோதான் வளரும். ‘இவனுக்கு எதிலுமே கவனம் நிற்கவில்லையே’ என்ற கவலை இந்தக் கரையிலும் உண்டு, சென்னை அடுக்குமாடிகளிலும் உண்டு. ஆனால் ஒன்றரை வயதில் கவனம் என்று எதைச் சொல்வது?

அந்த வயதுப் பிள்ளையை உட்காரவைத்துத் தேர்வு நடத்த முடியாது. எனவே ஆய்வாளர்கள் அதன் கண்களைப் பின்தொடர்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ், கைக்குழந்தைகளுக்கு இரண்டு படங்களைக் காட்டி எதை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்கிட்டார். இன்றைய கருவிகளுக்கும் அதுவே அடிப்படை.

விளையாட்டையும் படம்பிடிப்பார்கள். கையில் மூடி போட்ட ஒரு டப்பா கிடைத்தால் பிள்ளை என்ன செய்கிறது? சும்மா தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தால் அது மேலோட்டமான பார்வை. உடம்பு அசையாமல், வாய் பேசாமல், புருவம் லேசாகச் சுருங்க, விரலால் மூடியின் விளிம்பைத் தடவித் திருப்பினால் அதுதான் ஊன்றிய கவனம். இருவர் தனித்தனியே அந்தப் படத்தை நொடி நொடியாகக் குறித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். வெறித்த பார்வை மட்டும் போதாது. மனம் ஊன்றும்போது இதயத் துடிப்பும் சற்றுக் குறையும் என்பதால் அதையும் பதிவு செய்வதுண்டு.

இந்தியாவில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உத்தரப் பிரதேசத்தின் சிவ்கர். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்பென்சர் குழு, நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 42 கிராமக் குழந்தைகளுக்கு ஒளியால் மூளையின் இயக்கத்தை அறியும் தொப்பியை அணிவித்தது. குழந்தையின் எதிரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வண்ணச் சதுரங்கள் மின்னும். ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மாற்றத்தை நினைவில் பிடிக்கும் குழந்தை அந்தப் பக்கமே அதிகம் பார்க்கும். 2019-இல் வெளியான முடிவு: தாயின் படிப்பும் வருமானமும் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம் மூளையின் இயக்கம் தளர்வாக இருந்தது, கவனமும் எளிதில் சிதறியது. 2023-இல் அதே பகுதியில் 215 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, வீட்டுக்குள் காற்று கெட்டிருப்பதற்கும் பார்வை சார்ந்த அறிதிறன் குறைவதற்கும் தொடர்பைக் கண்டது. சாணி வறட்டி போன்றவற்றால் சமைக்கும் வீடுகளில் காற்று மோசமாக இருந்தது.

‘கவனமில்லாத பிள்ளை’ என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பதை எனக்கு இந்த முடிவுகள்தான் சொல்கின்றன. அளவுகோல் பிள்ளையின் மேல் இருந்தாலும், அது அடுப்புப் புகையையும் கூலியையும் சேர்த்தே அளக்கிறது. வீட்டில் மாற்றக்கூடிய ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பார்க்கும் பொருளையே பெற்றோரும் பார்த்தபோது, பெற்றோர் கண்ணை எடுத்த பிறகும் பிள்ளையின் பார்வை அதிலேயே நீடித்தது. கைப்பேசித் திரையில் படம் தாவித் தாவிப் பிள்ளையை இழுத்து வைத்திருப்பது வேறு, கூடவே பெற்றோரும் பார்ப்பதால் நீடிக்கும் இந்தக் கவனம் வேறு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றரை வயதிலும் திரும்பாத, சுட்டிய பொருளைப் பார்க்காத பிள்ளை இருந்தால் காத்திருக்காதீர்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அந்தப் பரிசோதனை இலவசம். அடுத்து எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள்.