தெரு ஒளிப்படமும் உருவப்படமும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

தெரு ஒளிப்படம் என்பது பொது இடத்தில், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுக்கும் படமாகும். 'தெரு' என்ற சொல் சாலையை மட்டும் குறிப்பதன்று. பேருந்து நிலையம், சந்தை, கோயில் திருவிழா, தேநீர்க் கடை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். உருவப்படம் என்பது ஒரு மனிதரையே பொருளாகக் கொண்டு, பெரும்பாலும் அவர் அறிய, அவர் இசைவோடு எடுக்கப்படுவது. தமிழில் இந்த வேறுபாடு பேச்சுவழக்கிலேயே இருக்கிறது. "கடைவீதியைப் படம் பிடித்தார்" என்கிறோம். "கல்யாணத்தன்று படம் எடுத்துக்கொண்டோம்" என்கிறோம். முன்னதில் செயல் முழுவதும் கேமராக்காரருடையது. பின்னதில் படத்தில் இருப்பவருக்கும் பங்கு உண்டு.

கீரமங்கலம் பூச்சந்தையை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் மல்லிகை மூட்டையைத் தராசில் வைக்கிறார் ஒரு பெண். பின்னால் ஒருவர் விலை கூவுகிறார். ஓரத்தில் ஒரு சிறுவன் கொட்டாவி விடுகிறான். மூன்றும் ஒரே சட்டகத்தில் விழுந்தால் அது தெரு ஒளிப்படம். அந்தப் பெண்ணின் பெயரை அறியாமலே படத்தைப் புரிந்துகொள்ளலாம். அதே பெண்ணிடம் பேசி, மூட்டையோடு நிற்கச் சொல்லி, அவர் நேராக லென்ஸைப் பார்க்கும்போது எடுத்தால் அது உருவப்படம். இடம், ஒளி, கேமரா எதுவும் மாறவில்லை. மாறியது இருவருக்கும் இடையிலான உறவு.

ஆகவே, '35 மி.மீ. லென்ஸில் எடுத்தால் தெருப்படம், 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் உருவப்படம்' என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் தெருப்படம் ஆகிவிடும் என்பதும் அப்படிப்பட்டதே.

இந்தப் பிரிவினை ஒளிப்படக்கலை தோன்றிய நாளிலிருந்தே இருந்ததன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த புதுக்கோட்டைக் காட்சிகள் 1858இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவுக்கு நீண்ட நேரம் ஒளி தேவைப்பட்டது. நடந்துபோகும் மனிதர்கள் அதில் பதிவதில்லை. பதிந்தாலும் புகைபோலக் கலைந்துவிடுவார்கள். அக்காலத்துப் படங்களில் தெருக்கள் ஆளற்றுத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்று ஒரு மனிதர் படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால் அசையாமல் நின்றாக வேண்டும். அதாவது உருவப்படத்துக்கு உடன்பட்டாக வேண்டும். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய கேமராக்கள் கைக்குக் கிடைத்த பிறகே, ஓடுகிறவரை ஓடுகிறபடியே பிடிப்பது எளிதாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் ஸ்டுடியோ வளர்ந்தது. வரைந்த பின்திரை, மரநாற்காலி, கைக்கடிகாரம் தெரியும்படி மடியில் வைத்த கை என்று அதற்கென்று ஓர் இலக்கணமே உருவானது. செட்டிநாட்டு வீடுகளிலும் புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளிலும் முன்கட்டுச் சுவரில் இன்றும் தொங்குபவை இவையே. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எண்ணிம வடிவில் சேகரித்துள்ளது. இவற்றை விறைப்பானவை என்று ஒதுக்குவது சரியன்று. தாம் எப்படி நினைவுகூரப்பட வேண்டும் என்று அந்த மனிதர்கள் தாமே தீர்மானித்த படங்கள் அவை.

இந்தக் கேள்வி வெறும் வகைப்பாடு அன்று என்பதற்குப் புதுக்கோட்டையிலேயே சான்று உண்டு. 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது இங்கு அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1996இல் வெளிவந்த அவருடைய 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' நூலில் அந்தக் கட்டுரை உள்ளது. சாலையில் சைக்கிளில் போகும் பெண்களை ஆண்கள் கேலி செய்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

அப்படிப்பட்ட ஒரு சாலையோரத்தில் கேமராவோடு நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் அறியாமல் எடுத்தால், ஏற்கெனவே அவரை உறுத்துப் பார்க்கும் கண்களோடு இன்னொரு கண் சேர்கிறது. நிறுத்திக் கேட்டு எடுத்தால், கைப்பிடியைப் பற்றி நிமிர்ந்து நிற்கும் பெருமிதம் கிடைக்கும். ஆனால் சக்கரம் நின்றுவிடும். ஓடும் சைக்கிள்தானே அங்கே செய்தி! இரண்டில் எது உண்மையான படம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. என் சாய்வைக் கேட்டால், முதலில் பேசிப் பழகி, பிறகு அவர்கள் கேமராவை மறந்து ஓட்டும்போது எடுப்பதே மேல். சாய்நாத்தே 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் உழைக்கும் பெண்களை எடுத்துக் காட்சிப்படுத்தியிருக்கிறார். அந்த வகைப் படங்களைத் தெரு ஒளிப்படம் என்பதைவிட ஆவண ஒளிப்படம் என்பதே பொருந்தும். அங்கே படம் ஒரு நீண்ட விசாரணையின் பகுதி.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் படங்களும் உண்டு. அமெரிக்கரான வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை மறைத்து, எதிரில் இருந்தவர்களின் முகங்களை எடுத்தார். பார்ப்பதற்கு உருவப்படம்; எடுத்த முறையோ தெரு ஒளிப்படம். நூலாக வெளியிட 1966 வரை அவர் காத்திருந்தார். பிலிப்-லோர்கா டிகோர்சியா அதே நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் விளக்குகளை மறைவாகப் பொருத்தி, கடந்துபோனவர்களின் முகங்களை 1999 முதல் 2001 வரை எடுத்தார். படத்தில் இருந்த முதியவர் ஒருவர், தன் சமய நம்பிக்கைக்கு இது எதிரானது என்று வழக்குத் தொடுத்தார். 2006இல் நீதிமன்றம் அதைக் கலை வெளிப்பாடு என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் கேமராக்காரர் பக்கம் நின்றது. அந்த முதியவரின் மனக்குறை அதனால் தீர்ந்திருக்காது.

இந்தியச் சட்டத்திலும் வேறுபாடு வெளிப்படும் இடம் ஒன்றுண்டு, பலர் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் அவரே. வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் இது மாறும். ஆக, ஸ்டுடியோவில் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட உங்கள் படத்தை ஸ்டுடியோக்காரர் விளம்பரத்துக்குப் பயன்படுத்த உங்களைக் கேட்க வேண்டும். சந்தையில் எவரும் கேட்காமல் தாமாக எடுத்த படத்தின் பதிப்புரிமையோ எடுத்தவருக்கே. அதனால் எதையும் வெளியிடலாம் என்று ஆகிவிடாது. 'நக்கீரன்' இதழ் தொடர்பான ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994இலும், புட்டசாமி வழக்கில் 2017இலும் உச்ச நீதிமன்றம் தனிமனித அந்தரங்க உரிமையை உறுதி செய்திருக்கிறது.

மாவட்டத்தில் கேமராக்கள் அதிகம் கூடுவது வாடிவாசல்களின் முன்புதான். காளையின் திமிலைப் பற்றித் தொங்கும் வீரரைத் தடுப்புக்கு அப்பாலிருந்து பெரிய லென்ஸில் எடுப்பது செய்திப்படம் அல்லது விளையாட்டுப்படம். அதைத் தெரு ஒளிப்படப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் தயங்குவார். முதுகைத் திருப்பி, களத்தைக் காண மரக்கிளையில் தொற்றிக்கொண்டிருக்கும் கூட்டத்தை எடுத்தால் அது தெரு ஒளிப்படம். தன் காளையின் கழுத்தில் கைபோட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப எடுங்க தம்பி" என்று நிற்கும் உரிமையாளரை எடுத்தால் உருவப்படம். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்தன்று பெரிய குதிரைச் சிலைக்குக் காகித மாலைகள் சாத்தும்போதும் இந்த மூன்று வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

போட்டிக்கோ கண்காட்சிக்கோ அனுப்பும் மாணவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. அந்த மனிதரை நீக்கிவிட்டு வேறொருவரை அங்கே வைத்தாலும் படம் நிற்குமா? நிற்கும் என்றால் அது பெரும்பாலும் தெருப்படம். நான் ஏதாவது செய்யச் சொன்னேனா? சொல்லியிருந்தால், அதை இயல்பாக நடந்ததாகக் காட்டுவது பொய். குறிப்பு எழுதும்போது 'கேட்டு எடுத்தது' என்று இரண்டு சொல் சேர்ப்பதால் எந்தப் படமும் தரம் குறைந்துவிடாது. பூச்சந்தைப் பெண்ணிடம் படத்தின் ஒரு பிரதியை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்குப் பிறகு அங்கே எடுக்கும் படங்கள் எந்த வகையில் சேரும் என்பது புதிய கேள்வி.