நூலக வாசலில் ஒரு கணக்கு



பழவேற்காடு ஏரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்குள்ள மீனவ கிராமங்களில் ஒன்று பசியாவரம். சுற்றிலும் தண்ணீர். அந்த ஊர் மக்கள் வெளியே வர நெடுங்காலம் படகையே நம்பி இருந்தார்கள். நடக்கக் கால் இருந்தும், படகு வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு நூலகத்தின் வாசலை நினைத்துப் பாருங்கள். மூன்றே மூன்று படிகள். நீங்கள் இரண்டே தாவலில் ஏறிவிடுவீர்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவிக்கோ, அந்த மூன்று படிகளும் ஓர் ஏரிதான்! 'யாராவது தூக்கிவிட்டால் போயிற்று' என்கிறீர்களா? ஒவ்வொரு நாளும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்றால், நூலகம் வரவே மனம் வராதே!

சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931-ல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் அவற்றை இன்றும் படிக்கிறார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. 'ஒவ்வொரு' என்றால் ஒருவர்கூட விடுபடக் கூடாது அல்லவா?

சரி, அந்த மாணவி தானாகவே உள்ளே போக என்ன வழி? படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. 1 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தது 12 செ.மீ. நீளம் வேண்டும். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்றால், மூன்று படிகளுக்கு 45 செ.மீ. அதை 12-ஆல் பெருக்குங்கள். 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர்! இடம் இல்லை என்று குட்டையாகக் கட்டினால், சரிவு செங்குத்தாகிவிடும். ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழலாம்.

உள்ளே போனால் மட்டும் போதுமா? அலமாரிகளுக்கு நடுவே 90 செ.மீ. வழியாவது வேண்டும். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் தட்டுகளும், முழங்கால் நுழையும் மேஜையும் வேண்டும். சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு இடம் உள்ள கழிப்பறையும் அவசியம்.

பார்வையற்றவர்களுக்கோ, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் நூல்கள் தேவை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. மாடி ஏறத் தேவையில்லை!

இதெல்லாம் இரக்கப்பட்டுச் செய்யும் உதவி அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவர்களுக்குத் தந்துள்ள உரிமை. சாய்தளம் வந்தால் கைத்தடி ஊன்றி வரும் தாத்தாவுக்கும், கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட உங்கள் நண்பனுக்கும் நல்லதுதானே!

அடுத்த முறை நூலகம் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். படிகளை எண்ணுங்கள். சாய்தளத்தை அளந்து, கணக்குப் போட்டுப் பாருங்கள். குறை இருந்தால், மரியாதையாக ஒரு கடிதம் எழுதி நூலகரிடம் கொடுங்கள்.

ஆமாம், சாய்தளத்தின் மேல் நிற்கும் அந்த சைக்கிள் யாருடையது? உங்களுடையதா? முதலில் அதை எடுத்து ஓரமாக நிறுத்துங்கள்!