பின்பல்டியும் பயமும்

'பல்டி' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அரசியல்வாதிகள்தான். பனிச்சறுக்குப் பலகைகளோடு காற்றில் எழும்பி, பின்பக்கமாக ஒரு முழுச்சுற்று சுற்றி இறங்குகிறவன் கதை வேறு. அவன் பாதியில் மனசு மாறமுடியாது.

சுழற்சிக்கான கோண உந்தம் முழுக்க, பனிமேட்டின் விளிம்பை விட்டுக் கிளம்பும் கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அப்புறம் அதைக் கூட்ட வழியில்லை. முழங்காலை மார்போடு சேர்த்தால் சுற்று வேகமாகும். உடம்பை விரித்தால் மந்தமாகும். காற்றில் இருப்பவனுக்கு உள்ள சுதந்திரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

முதல் தடவை பயம் இங்கேதான் வேலை செய்கிறது. விளிம்பு வருமுன்பே தலையைப் பின்னால் வீசிவிடுகிறான், உயரம் கிடைப்பதில்லை. அல்லது நடுவில் பதறி உடம்பை விரித்துவிடுகிறான். சுற்று முடியாமல் தலைகீழாகவே வந்து விழுகிறான். போவது கழுத்து. நிமிர்ந்து எழும்பணும், அப்புறம்தான் பின்னால பார்க்கணும்.

இதை உடம்புக்குச் சொல்லித்தரப் பனி உதவாது. முதலில் டிராம்போலின். பிறகு கோடையில், பலகைகளை மாட்டிக்கொண்டே சறுக்குமேடையிலிருந்து குளத்துக்குள் பாய்வது. தண்ணீரும் அடிக்கும்தான், ஆனால் மறுபடி ஏறலாம். 2006இல் டுரினில் தங்கம் வென்ற சீனர் ஹான் சியாவ்பெங், பனிக்கு வருமுன் அக்ரோபாட்டிக்ஸ் பயின்றவர்.

1970களில் அமெரிக்கப் பனிச்சறுக்கு மையங்கள் பல, வழக்குக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் பயந்து தலைகீழ்த் தாவல்களைத் தடைசெய்தன. யாருடைய கழுத்துக்காக இந்தப் பயம்? 1994இல் லில்லஹாமரில் அதே தாவல்கள் ஒலிம்பிக் பதக்கப் போட்டியாயின. குளமும் பயிற்சியாளரும் வாய்த்தவர்கள் அங்கே போனார்கள். மலையோரத்தில் மண்வாரியால் பனியைக் குவித்துத் தானே மேடு கட்டிக்கொள்கிற பையனுக்கு அந்தக் குளம் இன்றும் எட்டாத தூரத்தில்தான் கிடக்கிறது.